வீட்டு மொழியில் ஒரு நாவல்: கச்சாதூர் அபோவியானின் வாழ்க்கை

1829ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் தேதி. பிற்பகல் மூன்றேகால் மணி. அரராத் மலையின் உச்சியில் ஆறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் ஜெர்மானியப் பேராசிரியர். இருவர் ரஷ்யப் போர்வீரர்கள். இருவர் மலையடிவாரக் கிராமத்து ஆட்கள். ஆறாவது ஆள் 20 வயதை நெருங்கிக்கொண்டிருந்த இளைஞர், ஆர்மீனியத் திருச்சபையில் திருத்தொண்டராக இருந்தவர். பேராசிரியர் கருவிகளை எடுத்து உயரத்தை அளக்கத் தொடங்கியபோது, இளைஞர் பனிக்கட்டியைத் தோண்டி, கொண்டுவந்திருந்த மரச்சிலுவையை அங்கே நட்டார். பிறகு ஒரு புட்டியில் உச்சியின் பனிக்கட்டியை நிரப்பிக்கொண்டார். அவருக்கு அது புனித நீர்.

அந்த இளைஞரின் பெயர் கச்சாதூர் அபோவியான். இன்றைய ஆர்மீனிய இலக்கியத்தின் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பெயரை அவருக்குப் பெற்றுத் தந்த நாவலை அவர் அச்சில் பார்க்கவே இல்லை.

அரராத் 5,137 மீட்டர் உயரம். நமக்குத் தெரிந்த கினபாலு மலையைவிட ஆயிரம் மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. ஆனால் அந்த மலை ஏறப்படாமல் இருந்ததற்கு உயரம் மட்டும் காரணமல்ல. நோவாவின் பேழை வெள்ளம் வடிந்தபின் தங்கிய மலை அது என்பது நம்பிக்கை. பேழை இன்னும் உச்சியில் இருக்கிறது, அதை மனிதக் கண் காண்பதைக் கடவுள் விரும்பவில்லை என்று ஆர்மீனியர்கள் நம்பினார்கள். யாக்கோபு என்ற துறவி பல முறை ஏற முயன்றதாக ஒரு கதை உண்டு. ஒவ்வொரு முறையும் வழியில் தூங்கிவிடுவார்; விழித்துப் பார்த்தால் புறப்பட்ட இடத்திலேயே இருப்பார். கடைசியில் ஒரு தேவதூதர் வந்து பேழையின் மரத்துண்டு ஒன்றைக் கொடுத்து, இதோடு போதும் என்று அனுப்பிவைத்தாராம். இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த, அதுவும் திருச்சபையிலேயே வேலை செய்த ஒருவர் உச்சிக்குப் போய்த் திரும்பினால் என்ன நடக்கும்? பலர் நம்ப மறுத்தார்கள். அபோவியானுக்கும் மதகுருமார்களுக்கும் இடையே பின்னாளில் வளர்ந்த கசப்பின் முதல் விதை இந்த மலையேற்றத்திலேயே விழுந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அவர் பிறந்தது 1809இல், கனாக்கேர் என்ற கிராமத்தில். இன்று அது ஆர்மீனியத் தலைநகர் யெரெவானின் ஒரு பகுதி. அன்று அந்த வட்டாரம் பாரசீக அரசின் கீழ் இருந்தது; யெரெவான் கோட்டையில் இருந்தபடி ஒரு சர்தார் ஆட்சி செய்தார். அபோவியான் குடும்பத்தார் ஊர்ப் பெரியவர்கள், விருந்தோம்பலுக்குப் பெயர் போனவர்கள். மகன் குருவாக வேண்டும் என்பது வீட்டாரின் ஆசை. பத்து வயதில் தந்தை அவரை ஆர்மீனியத் திருச்சபையின் தலைமையகமான எச்மியாட்சினுக்குக் கூட்டிச் சென்று படிக்க விட்டார். சுமார் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு அவர் அங்கிருந்து வெளியேறி, 1824இல் திப்லிஸ் நகரத்தில், அதாவது இன்றைய ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசியில், நெர்சிசியான் பள்ளியில் சேர்ந்தார். 1826இல் படிப்பு முடிந்தது. அடுத்து வெனிஸ் செல்லத் திட்டம். அங்கே ஆர்மீனியத் துறவிகள் நடத்திய புகழ்பெற்ற மடமும் அச்சகமும் இருந்தன. ஆனால் அதே ஆண்டில் ரஷ்யாவுக்கும் பாரசீகத்துக்கும் போர் மூண்டது. வெனிஸ் கனவு அத்தோடு முடிந்தது.

போர் இரண்டு ஆண்டுகள் நீடித்தது. 1827 அக்டோபரில் ரஷ்யப் படை யெரெவான் கோட்டையைப் பிடித்தது. 1828இல் கையெழுத்தான உடன்படிக்கைப்படி அந்த நிலம் முழுவதும் ரஷ்யாவின் கைக்கு வந்தது. அபோவியான் அந்தக் காலத்தில் எச்மியாட்சினில் தலைமை ஆயருக்கு எழுத்தராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தார். ரஷ்ய மொழி தெரிந்திருந்ததால்தான், 1829 செப்டம்பரில் அரராத் ஏற வந்த பேராசிரியர் ஃபிரீட்ரிக் பாரட்டுக்கு வழித்துணையாக அவரை அனுப்பினார்கள்.

முதல் இரண்டு முயற்சிகளும் தோற்றன. மூன்றாவது முறைதான் உச்சி. ஒரு மாதம் கழித்து, நவம்பரில், பக்கத்திலுள்ள சின்ன அரராத்தையும் இருவரும் ஏறி முடித்தார்கள். இந்த வாரங்களில் பேராசிரியர் அந்த இளைஞரைக் கூர்ந்து கவனித்திருக்க வேண்டும். தம்முடைய டோர்பாட் பல்கலைக்கழகத்தில் அவர் படிக்க ரஷ்ய அரசின் உபகாரச் சம்பளத்துக்கு ஏற்பாடு செய்தார்.

டோர்பாட் இன்று எஸ்டோனியா நாட்டில் தார்து என்ற பெயரில் இருக்கிறது. யெரெவானிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கும் அதிகத் தொலைவு. ரஷ்யப் பேரரசுக்குள் இருந்தாலும் அங்கே பாடம் நடந்தது ஜெர்மன் மொழியில். 1830 செப்டம்பரில் போய்ச் சேர்ந்த அபோவியான், 1836 ஜனவரி வரை ஐந்தரை ஆண்டுகளுக்கு அந்த ஊரிலேயே இருந்தார். ஜெர்மன், பிரெஞ்சு, லத்தீன் கற்றார். தத்துவம், இலக்கியம், வரலாறு, இயற்கை அறிவியல் என்று கிடைத்ததையெல்லாம் படித்தார். நாட்குறிப்பு எழுதினார். அங்கே வரையப்பட்ட அவருடைய உருவப்படம் ஒன்று இன்றும் இருக்கிறது. கனாக்கேரில் பிறந்த பையனை ஐரோப்பிய உடையில் பார்க்கலாம்.

வெளிநாட்டில் படித்துவிட்டு ஊர் திரும்பும் பட்டதாரிக்குத் தன் மக்களுக்கு ஏதாவது செய்துவிட வேண்டும் என்ற வேகம் இருக்கும். அபோவியானுக்கும் இருந்தது. ஆனால் 1836இல் திரும்பியவரை எச்மியாட்சினில் வரவேற்க யாரும் தயாராக இல்லை. ஜெர்மானியரிடம் படித்துவிட்டு வந்த, கேள்வி கேட்கிற ஒருவரைத் திருச்சபைப் பள்ளிகளில் நுழையவிட அவர்களுக்கு மனமில்லை. கடைசியில் 1837இல் திப்லிஸில் அரசாங்க வட்டாரப் பள்ளியின் மேற்பார்வையாளர் வேலை கிடைத்தது. தனியாகவும் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு பாடம் நடத்தினார். 1839இல் எமிலி லூசே என்ற ஜெர்மானியப் பெண்ணை மணந்தார். ஒரு மகன், ஒரு மகள்.

இந்த ஆசிரியர் வேலையில்தான் அவருடைய உண்மையான சிக்கல் தொடங்கியது.

அவருடைய மாணவர்கள் ஆர்மீனியப் பிள்ளைகள். ரஷ்ய, ஜெர்மன், பிரெஞ்சுப் புத்தகங்களைக் கொடுத்தால் ஆசையோடு படித்தார்கள். ஆர்மீனியப் புத்தகத்தை நீட்டினால் முகம் சுளித்தார்கள். தாய்மொழியை வெறுத்தார்கள் என்று நாம் அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. அந்தப் புத்தகங்களில் இருந்தது அவர்கள் வீட்டில் பேசிய மொழியே இல்லை.

ஆர்மீனிய எழுத்துகளை ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெஸ்ரோப் மாஷ்தோட்ஸ் என்ற துறவி உருவாக்கினார். அந்த எழுத்தில் பைபிள் மொழிபெயர்க்கப்பட்டது. வரலாறுகளும் துதிப்பாடல்களும் எழுதப்பட்டன. அந்தப் பழைய எழுத்து மொழியின் பெயர் கிராபார். 1,400 ஆண்டுகள் கழித்தும் அச்சுக்குப் போனவற்றில் பெரும்பகுதி கிராபாரிலேயே இருந்தது. இதற்கிடையில் மக்கள் பேசிய மொழி எங்கேயோ போய்விட்டது. ஒலி மாறியது, இலக்கணம் மாறியது, பாரசீகச் சொற்களும் துருக்கியச் சொற்களும் ஆயிரக்கணக்கில் கலந்தன. இந்தப் பேச்சு மொழிக்கு அஷ்கார்ஹபார் என்று பெயர். உலகத்தார் மொழி என்பதுபோல் பொருள் கொள்ளலாம். நாம் வாய்மொழித் தேர்வில் பேச்சுத் தமிழும் கட்டுரைத் தாளில் எழுத்துத் தமிழும் பயன்படுத்துகிறோம். ஆனால் கிராபாருக்கும் கனாக்கேர் பேச்சுக்கும் இருந்த இடைவெளி அதைவிடப் பெரியது. உரை இல்லாமல் சங்கப் பாடலைக் கையில் கொடுத்து, இதுதான் உன் தாய்மொழி, படித்து மகிழ் என்றால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அப்படி.

அதே நேரத்தில் கிராபாரை விடமாட்டோம் என்றவர்களை முட்டாள்கள் என்று நினைப்பதும் தவறு. அவர்கள் தரப்பில் நியாயம் இருந்தது. ஆர்மீனியர்களுக்கு நூற்றாண்டுகளாகத் தனி நாடு இல்லை. அவர்கள் கான்ஸ்டான்டினோப்பிளில் இருந்தார்கள், திப்லிஸில் இருந்தார்கள், வெனிஸில் இருந்தார்கள். நம் சென்னையிலும் இருந்தார்கள். உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையான ‘அஸ்தாரார்’ 1794இல் மதராஸில்தான் அச்சானது. ஹாருத்யூன் ஷ்மாவோனியான் என்ற பாதிரியார் அதை நடத்தினார். இப்படிச் சிதறிக் கிடந்தவர்கள் ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு வட்டார வழக்கைப் பேசினார்கள். ஓர் ஊர்ப் பேச்சு இன்னோர் ஊராருக்குப் புரிவது கடினம். அவர்கள் எல்லாரையும் சேர்த்துக் கட்டிய கயிறு கிராபார் ஒன்றுதான். அதை அறுத்துவிட்டு எந்த ஊர்ப் பேச்சை எழுதுவது? யாருடைய பேச்சு சரி?

அபோவியானும் முதலில் கிராபாரில் எழுதியவர்தான். அவரை மாற்றியது சந்தை. தெருவிலும் விருந்துகளிலும் பார்வையற்ற பாடகர் ஒருவர் வீரக் கதை பாடுவார். கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு கேட்கும், அழும், சிரிக்கும், மடியில் இருக்கும் கடைசிக் காசையும் கொடுக்கும். பாட்டு பல நேரங்களில் துருக்கிய மொழியில் இருக்கும், கேட்பவர்களோ ஆர்மீனியர்கள். இவர்கள் ஏன் இதைக் கேட்டு உருகுகிறார்கள், நம் புத்தகத்தைத் தொடக்கூட மறுக்கிறார்கள் என்று அவர் யோசித்தார். மக்களுக்குக் கதை பிடிக்கும், வீரம் பிடிக்கும், காதல் பிடிக்கும். எல்லாம் தெரிந்த மொழியில் வர வேண்டும், அவ்வளவுதான் என்ற முடிவுக்கு வந்தார்.

1841இல் திப்லிஸில் இருந்தபடி ஒரு நாவலை எழுதி முடித்தார். பெயர் ‘ஆர்மீனியாவின் காயங்கள்’. எழுதிய மொழி, அவர் பிறந்த கனாக்கேரின் பேச்சு. அம்மாவும் அக்கம்பக்கத்தாரும் பேசிய அதே மொழி, துருக்கியச் சொல், பாரசீகச் சொல் எல்லாவற்றோடும். அதன் முன்னுரையை அவர் ஒரு பழைய கதையோடு தொடங்குகிறார். லிடியா நாட்டு அரசர் குரோசசுக்கு ஊமை மகன் ஒருவன் இருந்தான். எதிரிப் போர்வீரன் ஒருவன் தந்தையைக் கொல்ல வாளை ஓங்கியபோது, பிறந்ததிலிருந்து பேசாத அந்த மகனின் நா கட்டவிழ்ந்தது. கொல்லாதே என்று கத்தினான். தம் நிலையும் அந்த மகனின் நிலைதான் என்கிறார் அபோவியான். கண் எதிரே தம் மக்கள் அழிவதைப் பார்த்து, முப்பது ஆண்டுகளாகப் பூட்டியிருந்த வாய் திறந்துகொண்டது என்பது அவர் விளக்கம்.

கதை நடப்பது 1826 முதல் 1828 வரையிலான போர்க்காலம். நோன்புக் காலத்துக்கு முந்திய திருவிழா நாளில் கனாக்கேர் மக்கள் கூடி மகிழ்ந்திருக்கும்போது, சர்தாரின் ஆட்கள் ஓர் ஏழை வீட்டுப் பெண்ணைத் தூக்கிச் செல்ல வருகிறார்கள். ஆகாசி என்ற இளைஞன் அவர்களைத் தடுத்துத் தாக்கி, உயிர்கள் போய், மலைக்குத் தப்பி ஓடுகிறான். அங்கிருந்து பாரசீகப் படைகளோடு மோதுகிறான். கடைசியில் யெரெவான் கோட்டை வீழும் நேரத்தில் அவனும் மாண்டுபோகிறான். திருவிழாப் பகுதியில் யார் என்ன சாப்பிட்டார்கள், யார் யாரைக் கிண்டல் செய்தார்கள் என்பதெல்லாம் விரிவாக வருகிறது. இடையிடையே ஆசிரியரே கதையை நிறுத்திவிட்டு வாசகரிடம் புலம்புவார், கோபப்படுவார், அழுவார். இன்றைய படைப்பிலக்கிய வகுப்பில் கொடுத்தால் சிவப்பு மையால் பாதியை அடித்துவிடுவார்கள்! ஆனால் அதுவரை எழுத்தில் இடம் கிடைக்காத ஒரு மொழி, கிடைத்தவுடன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டுகிறது என்று பார்த்தால் அந்தக் குறை குறையாகத் தெரிவதில்லை.

வேறொரு குறையைச் சொல்லியாக வேண்டும். இந்த நாவல் ரஷ்யப் படையை மீட்பராகவே வாழ்த்துகிறது. பாரசீகர்களைக் கொடியவர்களாகவே காட்டுகிறது. சிறுவயதில் சர்தாரின் ஆட்சியைக் கண்ட ஒருவருக்கு அந்த உணர்வு இயல்புதான் என்றாலும், முழு வரலாறு அது மட்டுமல்ல. விந்தை என்னவென்றால், அவர் வாழ்த்திய அதே ரஷ்ய ஆட்சியின் அதிகாரிகளிடம்தான் அவர் தம் மீதி வாழ்நாளில் முட்டி மோதிக்கொண்டிருந்தார். சொந்த வாழ்க்கையில் அவர் அவ்வளவு குறுகியவராகவும் இல்லை. குர்து மக்களையும் யசீதி மக்களையும் நட்போடு அணுகி, அவர்களுடைய வாழ்க்கையையும் வழக்கங்களையும் பற்றிக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார்.

நாவலின் கைப்பிரதி அச்சுக்குப் போகவில்லை. அது எழுதப்பட்ட 1841இன் தொடக்கத்தில்தான், அவரைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய பாரட்டும் இறந்துபோனார். அபோவியான் தொடர்ந்து எழுதினார்: பிள்ளைகளுக்கு ஆர்மீனிய எழுத்தறிவுப் பாடநூல், கவிதைகள், குட்டிக் கதைகள். பேச்சு மொழியிலான கதைப்பாடல் தொகுப்பு ஒன்றுக்கு ‘ஓய்வு நேர விளையாட்டு’ என்று பெயர் வைத்தார். அந்தத் தலைப்பில் நேரத்துக்கு அவர் போட்ட சொல் ‘வாக்த்’. ஆம், மலாய் மொழியில் நாம் தினமும் கேட்கும் ‘வக்து’தான்! அரபு மொழியிலிருந்து கிளம்பிய ஒரே சொல் கனாக்கேர் கிராமத்துக்கும் வந்திருக்கிறது, நம் பக்கமும் வந்திருக்கிறது. சுத்தமான கிராபார் எழுதுபவர் தலைப்பிலேயே அப்படி ஒரு சொல்லை வைக்க ஒப்புவாரா?

1843இல் யெரெவான் வட்டாரப் பள்ளிக்கு மேற்பார்வையாளராக மாற்றப்பட்டார். பிறந்த மண்ணுக்கே திரும்பிவிட்டார் என்றாலும் நிலைமை மாறவில்லை. சக ஆசிரியர்களோடும் மேலதிகாரிகளோடும் மதகுருமார்களோடும் ஓயாத இழுபறி. ஜெர்மனியிலிருந்தும் வேறு நாடுகளிலிருந்தும் வந்த பயணிகளுக்கோ அந்த வட்டாரத்தில் பேசுவதற்கு அவரைவிட்டால் ஆள் இல்லை. அவர்களில் சிலர் தங்கள் பயண நூல்களில் அவரைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார்கள். 1845இலும் 1846இலும் அவர் மறுபடி அரராத் ஏறினார், ஒருமுறை ஜெர்மானிய நிலவியலாளர் ஹெர்மன் ஆபிக்கோடு, இன்னொருமுறை ஓர் ஆங்கிலேயரோடு. இதற்குள் மலையடிவாரத்து அகூரி கிராமம் இல்லாமல் போயிருந்தது. 1840இல் நிலநடுக்கத்தில் மலைச்சரிவு இடிந்து விழுந்து, ஊரையும் அதன் பழைய மடத்தையும் மூடிவிட்டது. முதல் ஏற்றத்தில் கூட வந்த இரண்டு கிராமத்தாரும் அந்த ஊர்க்காரர்கள்.

1848 ஏப்ரல் 14ஆம் தேதி விடியற்காலையில் அபோவியான் யெரெவானில் தம் வீட்டிலிருந்து வெளியே நடந்து போனார். அதன்பின் அவரை யாரும் பார்க்கவில்லை. உடல் கிடைக்கவில்லை, கடிதம் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு ஐரோப்பா முழுவதும் புரட்சி நடந்துகொண்டிருந்ததால், ரஷ்யக் காவலர்கள் அவரை ரகசியமாகப் பிடித்துச் சைபீரியாவுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றார்கள் சிலர். பகையாளிகள் கொன்றுவிட்டார்கள் என்றார்கள் சிலர். வேலையிலும் வாழ்க்கையிலும் மனம் உடைந்து தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார் என்றும் சொன்னார்கள். எதற்கும் சான்று இல்லை. அவருக்கு அப்போது 38 வயது.

பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1858இல், ‘ஆர்மீனியாவின் காயங்கள்’ திப்லிஸில் அச்சாகி வெளிவந்தது. எழுதி 17 ஆண்டுகள் ஆகியிருந்தன. ‘ஓய்வு நேர விளையாட்டு’ வர இன்னும் ஆறு ஆண்டுகள் ஆயின. கிராபாருக்கும் பேச்சு மொழிக்கும் நடந்த வழக்கு அடுத்த சில பத்தாண்டுகளில் தீர்ந்தது. கிழக்கு ஆர்மீனியர்களுக்கு யெரெவான் வட்டாரப் பேச்சை அடிப்படையாகக் கொண்ட எழுத்து மொழியும், மேற்கு ஆர்மீனியர்களுக்குக் கான்ஸ்டான்டினோப்பிள் பேச்சை ஒட்டிய எழுத்து மொழியும் உருவாயின. கிராபார் தேவாலய வழிபாட்டில் நின்றுவிட்டது. பொது மொழி போய்விட்டால் மக்கள் பிரிவார்கள் என்று அஞ்சியவர்கள் முழுக்கத் தவறாகச் சொல்லவில்லை என்பதும் இதில் தெரிகிறது. இன்றும் ஆர்மீனியத்துக்கு இரண்டு எழுத்து வழக்குகள் இருக்கின்றன.

கனாக்கேரில் அபோவியான் பிறந்த வீடு இப்போது அருங்காட்சியகம். யெரெவானின் நடுவே அவர் பெயரில் ஒரு தெரு இருக்கிறது. ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் அரசுப் பல்கலைக்கழகத்துக்கும் பக்கத்தில் உள்ள ஒரு நகரத்துக்கும் அவர் பெயர்தான். நகரத்திலிருந்து பார்த்தால் அரராத் தெரியும், ஆனால் மலை எல்லைக்கு அப்பால் துருக்கியில் இருக்கிறது.

அவர் மனைவி எமிலி 1870 வரை வாழ்ந்தார். அந்த நாவல் புத்தகமாக வந்த பன்னிரண்டு ஆண்டுகளும் அவர் இருந்தார்.